விலையில்லா

ஐந்தரைக்குள் பெஞ்சுகளைத் துடைத்திருக்க வேண்டும்.
ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு
வந்து உட்கார்ந்துவிடுவார்கள்
சர்க்கரை பார்க்கிறவர்கள்.
கீழநத்தத்தில் முதல் பஸ் ஆறு இருபதுக்கு.
பொம்பளைகளுக்கு அதில் டிக்கெட் கிடையாது, ஓசி.
ஓசி பஸ்ஸுக்கு என் நேரம் தெரியாது.

பால் ஆட்டோவில்
கேன்களுக்கு நடுவே குந்தியிருக்க இருபது ரூபாய்.
இருபத்தாறு நாளைக்கு ஐந்நூற்று இருபது.
லேபில் மாதம் தருவது ஏழாயிரம்.
காலண்டர் தாளின் பின்பக்கம்
கழித்துப் பார்த்த அன்று
சைக்கிள் என்ற சொல் வாயில் வந்தது.

வண்ணார்பேட்டையில் கண்ணாடிக் கடை.
எல்லாம் கொக்கியில் தொங்கின
தரை தொடாமல்,
கறிக்கடை மாதிரி.
"மகளுக்கா யக்கா?" என்றான் பையன்.
எனக்கு.
என் காலைப் பார்த்தான், சேலையைப் பார்த்தான்,
விலைச்சீட்டை என் பக்கம் திருப்பினான்.
ஏழாயிரத்து இருநூறு.
பெல் தனி. பூட்டு தனி.
ஒரு மாதம் முழுக்க மூச்சைப் பிடித்திருந்தாலும்
இருநூறு உதைக்கிறது.

பேட்டையில் பக்கீர் கடை.
செத்ததைப் பிரித்து
உயிருள்ள ஒன்றைக் கட்டுகிறவர்.
"முன்சக்கரம் மேலப்பாளையம்,
பின்சக்கரம் சேரன்மாதேவி,
ரெண்டும் இன்னும் பேசிக்கிடல"
என்று அவரே சிரித்துக்கொண்டார்.
மகளுக்கா என்று கேட்கவில்லை. ஏறி உட்காரச் சொன்னார்.
குறுக்குக் கம்பியில் சேலை மாட்டியது.
பெடல் எட்டவில்லை.
சீட்டைச் சுத்தியலால் தட்டினார், இறங்கவில்லை.
இரண்டாயிரத்து நானூறு என்று அதுவரை சொன்னவர்
பிறகு விற்கவே மாட்டேன் என்றார்.

சாந்தி நகரில் ஜெபராணி வீட்டில்
காம்பவுண்டுச் சுவரோரம்
தேங்காய் மட்டைகளுக்குள் கிடந்தது அது.
ப்ளஸ் ஒன்னில் கொடுத்ததாம்.
இப்போது மகள் காலேஜ் பஸ்ஸில் போகிறாள்.
"சவம், எடத்த அடைக்கி" என்றாள் அவள் அம்மா.
சீட்டில் சுற்றிய பாலித்தீன்கூடக் கிழிபடவில்லை.
கூடையில் கோபுரம் பாதி உரிந்த ஸ்டிக்கர்:
விலையில்லா மிதிவண்டி.

"என்ன விலை?" என்றேன்.
இரண்டு பேரும் ஒரு நொடி
ஸ்டிக்கரைப் பார்த்தோம்.
"ஆயிரத்து எண்ணூறு."

நான் பத்தாவதோடு நின்றவள்.
அந்த வருசம் மடியில் பீடித்தட்டு ஏறிவிட்டது.
பதினொன்றில் கால் வைத்திருந்தால்
எனக்கும் ஒன்று,
கையெழுத்துப் போட்டு
வரிசையில் தள்ளிக்கொண்டு வந்திருப்பேன்.
இதைச் சொல்லியிருந்தால் இருநூறு குறைந்திருக்கும்.
சொல்லவில்லை.
செயினில் துரு, டியூப் இரண்டும் செத்தது,
பிரேக் கட்டையே இல்லை என்று
குறை சொல்லித்தான் அந்த இருநூறைக் குறைத்தேன்.

ஆயிரத்து அறுநூறு. டியூப்புக்கு முந்நூற்று நாற்பது.
பிரேக் கட்டை நாற்பது.
பால் ஆட்டோவில் நான்கு மாதம்.

மெயின்ரோட்டில் ஏற வெட்கம்.
வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டே போனேன்.
ரேஷன்கடை வரிசையில் யாரோ கேட்டார்கள்,
யாருக்குட்டி சைக்கிள்?
"மகளுக்கு" என்று சொல்லிவிட்டேன்.
எனக்கு மகளே கிடையாது.

ஒன்பது ராத்திரி பள்ளிக்கூட மைதானம்.
முழங்கையில் ஒரு காயம், முந்தானையில் செயின் கறை.
இன்றைக்கு நாலு மணிக்கு
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.
வயலுக்கு இடையில் ரோடு இருக்கிறது என்று
நம்பித்தான் மிதித்தேன், தெரியவில்லை.
வாய்க்கால் பாலத்தில் இரண்டு நாய்கள்.
பெல் அடிக்கவில்லை,
"ஏய் தள்ளு தள்ளு" என்று நானே பெல்லானேன்.
பின்னால் வந்த பால் ஆட்டோ
ஆரன் அடித்து, வேகம் குறைத்து,
என்னைப் பார்த்து, போய்விட்டது.

லேப் வாசலில் நாலு நாற்பது.
பக்கத்து ஏடிஎம் வாட்ச்மேன் பிரமநாயகம்
டார்ச்சை வண்டிமேல் அடித்தார்.
"யாரு வண்டி இது?"
மூச்சு வாங்கியது.
கையைத் தூக்கி என்னையே காட்டினேன்.

சாவி ஐந்து மணிக்குத்தான் வரும்.
படியில் உட்கார்ந்து
சீட்டின் பாலித்தீனை
கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்துக்கொண்டிருந்தேன்.